இன்டர்நேஷனல் பாக்கலோரியேட்: ஒரு சர்வதேசப் பரீட்சையின் வரலாறு

பள்ளிப் படிப்பை முடித்துச் சர்வகலாசாலைக்குள் புக விரும்பும் மாணாக்கன் கடக்க வேண்டிய வாயில் ஒன்று உண்டு. அவ்வாயிலின் பெயர் தேசந்தோறும் வேறுபடும். அதன் உயரமும் அகலமும் வேறுபடும். ஆயினும் அதனைக் காத்து நிற்போர் எங்கும் அந்தந்த நாட்டு அரசாங்கத்தாரோ, அவர்தம் அதிகாரம் பெற்ற சர்வகலாசாலையாரோ, பரீட்சைச் சபையாரோ ஆவர். இவ்வழக்கத்துக்கு மாறாக, எந்த ஓர் அரசாங்கத்தின் ஆணையுமின்றிச் சில உபாத்தியாயர்களின் பிரயத்தனத்தால் தோன்றி, இன்று நூற்றைம்பதுக்கு மேற்பட்ட தேசங்களில் நடைபெற்று வரும் பரீட்சை ஒன்று உண்டு. அதனை இன்டர்நேஷனல் பாக்கலோரியேட் என்றும், சுருக்கமாக ஐ.பி. என்றும் வழங்குவர்.

நம் சமூகத்துக் குடும்பங்கள் பலவற்றில் இப்பெயர் இந்நாளில் அடிக்கடி செவிப்படுகின்றது. அயல்நாடுகளில் உத்தியோகம் வகிக்கும் பெற்றோர் தம் மக்களை இப்பரீட்சைக்கு அனுப்புகின்றனர். நம் மாநிலத்துப் பெருநகரங்களிலும் இதற்குரிய பாடசாலைகள் ஏற்பட்டுள்ளன. சிலர் இதனைக் கிடைத்தற்கரிய பேறென்று புகழ்கின்றனர். வேறு சிலர் தனவந்தர்களின் ஆடம்பரமென்று இகழ்கின்றனர். புகழ்வோரும் இகழ்வோரும் இதன் வரலாற்றை அறிந்தார் அல்லர். ஒரு பொருளின் தோற்றம் அறியாதார் அதன் மதிப்பை அளவிடல் இயலாதாகலின், நாம் அறிந்த அளவில் அவ்வரலாற்றைச் சுருங்கச் சொல்லி, பின்னர் நம் குடும்பங்களுக்கு உரிய யோசனை சிலவும் கூற முற்படுகின்றோம்.

தேசந்தோறும் ஒரு வாயில்

ஜெர்மனியைச் சார்ந்த பிரஷ்யா தேசத்தில் 1788-ம் வருஷம் ‘அபிட்டூர்’ என்னும் பள்ளியிறுதிப் பரீட்சை ஏற்பட்டது. பிரான்சு தேசத்தில் நெப்போலியன் சக்கரவர்த்தி 1808-ம் வருஷம் ‘பக்கலோரெயா’ என்னும் பரீட்சையை நிறுவினார். நாம் கூறப்போகும் பரீட்சையின் பெயரும் அப்பிரெஞ்சுச் சொல்லினின்றே வந்தது. நம் நாட்டில் 1857-ம் வருஷம் சென்னைச் சர்வகலாசாலை தோன்றிய பின்னர் மெட்ரிகுலேஷன் பரீட்சையும், அதன் பின்னர் எஸ்.எஸ்.எல்.ஸி.யும், இன்டர்மீடியட்டும், பி.யூ.ஸி.யும், 1978 முதல் பிளஸ் டூ வகுப்பும் ஒன்றன்பின் ஒன்றாக அவ்வாயிலில் நின்றமை நம் குடும்பத்து முதியோர் யாவரும் அறிந்ததே.

இங்கே ஒரு சொல்லைக் குறித்துத் தெளிவு வேண்டும். நம் பாட்டன்மார் ‘ஆறாம் பாரம்’ என்றது உயர்தரப் பள்ளியின் கடைசி வகுப்பாகிய எஸ்.எஸ்.எல்.ஸி. வகுப்பையே யாம். இங்கிலாந்தில் ஆறாம் பாரம் என்பது அதற்கும் மேற்பட்டது. பதினாறு வயதளவில் பொதுப் படிப்பை முடித்தவர்கள் சர்வகலாசாலைக்கு ஆயத்தமாகும் இரண்டு வருஷப் படிப்பே அப்பெயர் பெறும். நம் நாட்டு வழக்கிற்கு ஒப்பிட்டால் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக்கள் அதற்கு நேராகும். ஐ.பி. டிப்ளமா என்பது அவ்விரண்டு வருஷங்களுக்கு உரிய படிப்பேயாம்.

அவ்விரண்டு வருஷங்களில் மாணாக்கன் எதனைப் படித்தல் வேண்டும் என்பதில் தேசங்களுக்குள் பெரும் அபிப்பிராய பேதம் இருந்தது. இங்கிலாந்தில் 1951-ம் வருஷம் ‘ஏ லெவல்’ என்னும் பரீட்சை ஏற்பட்டபின், மாணாக்கர் பெரும்பாலும் மூன்று பாடங்களை மாத்திரம் எடுத்து அவற்றில் ஆழ்ந்து பயின்றனர். விஞ்ஞானம் எடுத்தவன் இலக்கியத்தையும், இலக்கியம் எடுத்தவன் விஞ்ஞானத்தையும் பதினாறாம் வயதிலேயே கைவிட நேர்ந்தது. பிரான்சிலோ பல பாடங்களையும் சேர்த்துப் பயிலுவதோடு, இறுதி வருஷத்தில் தத்துவ சாஸ்திரமும் கட்டாயமாக இருந்தது. அமெரிக்காவில் பள்ளிக்கூடத்தார் தாமே நற்சாட்சிப் பத்திரம் அளிப்பர். அதனோடு தனிப்பட்ட ஒரு சபையார் நடத்தும் பரீட்சைகளும் சேரும். ஒரு நாட்டில் தேறியவன் மற்றொரு நாட்டுச் சர்வகலாசாலையின் வாயிலில் நின்று தன் தகுதியை எடுத்துக்காட்டுதல் பெரும்பாடாக இருந்தது.

ஒரு நாட்டுப் பரீட்சை கடல் கடந்து செல்லவில்லையோ எனின், சென்றது. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையார் தம் பரீட்சைகளை 1860-களிலேயே மேற்கிந்தியத் தீவுகளிலுள்ள டிரினிடாடுக்கு அனுப்பினர். பின்னர் இலங்கையிலும் மலாயாவிலும் தமிழ்ப் பிள்ளைகள் பல தலைமுறையாக அவற்றை எழுதினர். யாழ்ப்பாணத்திலிருந்து கோலாலம்பூர் சென்று உத்தியோகம் பெற்றோர் பலர் அப்பரீட்சைகளால் உயர்ந்தவர்களே. ஆயினும் அவை ஆளும் தேசத்தார் தம் அளவுகோலைக் கொண்டு பிற தேசத்தாரை அளந்த பரீட்சைகள். பல தேசத்தார் ஒன்றுகூடி, தமக்குப் பொதுவானதோர் அளவுகோலைத் தாமே வகுத்துக்கொள்ளுதல் என்பது அதுவரை எங்கும் நிகழாத காரியம்.

ஜினீவா நகரத்துப் பிள்ளைகள்

முதல் உலக மகாயுத்தம் முடிந்த பின்னர் சர்வதேச சங்கமும், சர்வதேசத் தொழில் ஸ்தாபனமும் ஸ்விட்ஸர்லாந்து தேசத்து ஜினீவா நகரத்தில் நிலைபெற்றன. அவற்றில் பணியாற்றப் பல தேசத்தினின்றும் உத்தியோகஸ்தர்கள் தம் மனைவி மக்களுடன் அங்கு வந்து குடியேறினர். அவர்தம் பிள்ளைகளுக்காக 1924-ம் வருஷம் ஜினீவா சர்வதேசப் பாடசாலை தொடங்கப் பெற்றது. அடால்ப் பெரியேர் என்னும் கல்வி நிபுணரும், சங்கத்து உத்தியோகஸ்தர் சிலரும் அதன் ஸ்தாபகர்களாவர். மிகச் சில பிள்ளைகளோடு தொடங்கிய அச்சிறு பள்ளியே நம் வரலாற்றின் பிறப்பிடமாகும்.

அப்பாடசாலையை 1929 முதல் 1949 வரை இருபது வருஷகாலம் தலைமை தாங்கி நடத்தியவர் மாரி தெரேஸ் மோரெத் என்னும் பிரெஞ்சு அம்மையார். யுத்தம் செய்து கொண்டிருக்கும் தேசங்களின் பிள்ளைகளை ஒரே கூரையின் கீழ் வைத்துக் கற்பித்த அனுபவம் அவருக்கு உண்டு. சமாதானத்தைக் கல்வியால் வளர்த்தல் கூடுமா என்னும் வினாவை ஆராய்ந்து, யுனெஸ்கோ ஸ்தாபனத்துக்காக 1948-ல் அவர் ஒரு சிறு நூல் எழுதினார். தன் தேசத்தை உலகின் நடுவே வைத்துப் பார்க்கும் பழக்கம் பிள்ளையின் மனத்தில் படியுமுன்னரே உலக முழுவதையும் அப்பிள்ளை காண வேண்டும். இரண்டு பாஷைகளில் பயில வேண்டும். பிறர்க்கு உழைக்கும் பழக்கம் வேண்டும் என்பன அவர்தம் கொள்கைகளிற் சில. பின்னாளில் ஐ.பி. என உருவானதன் வித்துக்கள் இவற்றிற் காணப்படும்.

கொள்கை உயர்ந்ததாயினும் நடைமுறையில் ஓர் இடர் இருந்தது. இறுதி வகுப்புக்களை அடைந்ததும், ஒன்றாகவே வளர்ந்த அப்பிள்ளைகள் பிரிய நேர்ந்தது. பிரான்சுக்குப் போகிறவனுக்கு ஒரு வகுப்பு, இங்கிலாந்துக்குப் போகிறவனுக்கு வேறொன்று, ஸ்விட்ஸர்லாந்துப் பரீட்சைக்கு ஒன்று, அமெரிக்காவுக்கு ஒன்று. சில வகுப்புக்களில் ஐந்தாறு பிள்ளைகளே இருப்பர். உபாத்தியாயர் ஒருவரே ஒரே சரித்திரத்தை நால்வகைப் பரீட்சைக்கு நால்வகையாகப் போதிக்க வேண்டும். ஐக்கிய நாட்டு ஸ்தாபனத்தார் பிள்ளைகளுக்காக 1947-ல் நியூயார்க்கில் ஏற்பட்ட பாடசாலையிலும், இரண்டாம் மகாயுத்தத்துக்குப் பின் பல நாடுகளில் எழுந்த பிற சர்வதேசப் பாடசாலைகளிலும் இதே தொல்லை இருந்தது. தகப்பனுக்கு இடமாற்றம் ஏற்பட்டால் பிள்ளையின் படிப்பு நடுவில் அறுபட்டது.

ஒரு சரித்திர உபாத்தியாயரின் யோசனை

சர்வதேசப் பாடசாலைகள் 1951-ம் வருஷம் ஜினீவாவில் ஒரு சங்கமாகக் கூடின. அச்சங்கத்தின் ஆதரவில் 1962-ல் சமூக பாடங்களைப் போதிக்கும் உபாத்தியாயர்களின் மகாநாடு ஒன்று நடைபெற்றது. ஜினீவாப் பள்ளியின் சரித்திர உபாத்தியாயராகிய ராபர்ட் லீச் என்னும் அமெரிக்கர் அதனை முன்னின்று நடத்தினார். எல்லாச் சர்வதேசப் பள்ளிகளுக்கும் பொதுவான ஒரு பரீட்சை வேண்டும் என்னும் யோசனை அங்கு உறுதிபெற்றது. அடுத்த வருஷமே தற்கால சரித்திரத்தில் பரீட்சார்த்தமாக ஒரு வினாத்தாளும் தயாரித்து நடத்தினர்.

சரித்திரத்தை முதலில் எடுத்துக்கொண்டமை நம் கவனத்துக்கு உரியது. கணிதத்திலும் ரசாயனத்திலும் தேசங்களுக்குள் சச்சரவு எழுவதற்கு இடம் குறைவு. சரித்திரமோ யுத்தத்தின் வடுக்கள் நிறைந்தது. ஒரு தேசத்தார் வெற்றியென எழுதுவதை மற்றொரு தேசத்தார் அவமானமென எழுதுவர். இரண்டாம் மகாயுத்தம் முடிந்து பதினெட்டு வருஷங்களே ஆகியிருந்த அக்காலத்தில், ஒருவரோடொருவர் போரிட்ட தேசங்களின் பிள்ளைகள் யாவரும் எழுதத் தக்க வினாக்களை அமைத்தல் எளிதன்று. மிகக் கடினமான பாடத்தில் இணக்கம் காண முடியுமாயின் ஏனையவற்றில் முடியாமற் போமோ?

இதன்பின் 1964-65-ம் வருஷங்களில், பொதுப் பரீட்சையை உருவாக்குவதற்கென ஒரு தனிச் சபை ஜினீவாவில் அமைந்தது. அமெரிக்காவின் டுவெண்டியத் ஸெஞ்சுரி பண்டு என்னும் தருமநிதியும், போர்டு பவுண்டேஷனும் பொருளுதவி புரிந்தன. பாடங்களை வரையறுக்கும் முக்கியமான மகாநாடு 1967-ல் பாரிஸ் நகருக்கு அருகிலுள்ள செவ்ர் என்னும் ஊரில் கூடியது. 1968-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் இன்டர்நேஷனல் பாக்கலோரியேட் ஸ்தாபனம் ஜினீவாவில் முறைப்படி பதிவு செய்யப்பெற்றது. அதன் முதல் டைரக்டர் ஜெனரல் அலெக் பீட்டர்ஸன் என்னும் ஆங்கிலேயர். அவர் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் கல்வித்துறையின் தலைவர். யுத்தகாலத்தில் தென்கிழக்கு ஆசியாவில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் கீழ்ப் பணியாற்றியவர். பின்னர் மலாயாவில் தகவல் இலாகாவை நிர்வகித்தவர். இங்கிலாந்தின் ஆறாம் பாரத்துப் படிப்பு அளவுக்கு மீறிக் குறுகிவிட்டதென 1960-ம் வருஷத்திலேயே வாதித்தவரும் அவரே.

இதே காலத்தில் வேல்ஸ் நாட்டின் கடற்கரையில் செயின்ட் டோனட்ஸ் என்னும் பழைய கோட்டையில் 1962-ல் அட்லாண்டிக் காலேஜ் திறக்கப்பட்டது. அதற்கு மூலபுருஷர் குர்ட் ஹான் என்பவர். ஜெர்மானிய யூதராகிய அவர் 1933-ல் ஹிட்லர் கட்சியாரால் சிறைப்பட்டு, விடுதலை பெற்றபின் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்து, அங்கே கல்வித்தொண்டு புரிந்தவர். பல தேசத்து இளைஞர்கள் இரண்டு வருஷம் கூடி வாழ்ந்து படிப்பதும், கடலில் தத்தளிப்போரை மீட்பது போன்ற சேவையில் ஈடுபடுவதும் அக்கலாசாலையின் முறை. ஜினீவாவின் யோசனையும் ஹானுடைய சேவைக் கொள்கையும் பீட்டர்ஸன் வாயிலாக ஒன்று கலந்தன என்னலாம்.

பாடத்திட்டம் அமைந்த விதம்

இங்கிலாந்தார் விரும்பிய ஆழமும், பிரெஞ்சுக்காரர் விரும்பிய அகலமும் ஒருங்கே அமைய வேண்டும், பாரமும் மிகலாகாது. பல தேசத்தார் வாதித்து முடிவாக ஓர் உடன்படிக்கைக்கு வந்தனர். அதன்படி மாணாக்கன் ஆறு பாடங்களை எடுத்தல் வேண்டும். முதலாவது, தனக்கு உரிய பாஷையும் அதன் இலக்கியமும், இரண்டாவது, வேறொரு பாஷை, மூன்றாவது, சரித்திரம், பூகோளம், பொருளாதாரம் போன்ற சமூக சாஸ்திரம், நான்காவது, விஞ்ஞானம், ஐந்தாவது, கணிதம், ஆறாவது, சங்கீதம், சித்திரம் போன்ற கலை அல்லது முன்கூறியவற்றுள் இன்னொன்று. இவற்றுள் பொதுவாக மூன்றை உயர்தரத்திலும், மூன்றைச் சாதாரண தரத்திலும் பயில வேண்டும்.

இவ்வாறு பாடங்களுடன் மூன்று கட்டாயக் கடமைகள் சேர்ந்துள்ளன. ஒன்று, ‘அறிவைப் பற்றிய ஆராய்ச்சி’. ஒரு செய்தியை உண்மையென நாம் எவ்வாறு அறிகிறோம்? விஞ்ஞானி கூறும் உண்மைக்கும் சரித்திரகாரன் கூறும் உண்மைக்கும் வேற்றுமை யாது? இத்தகைய வினாக்களை அது எழுப்பும். பிரெஞ்சுப் பள்ளிகளின் தத்துவ வகுப்புக்கு ஈடாக வந்தது இது. நம் முன்னோர் பிரத்தியட்சம், அனுமானம், ஆகமம் எனப் பிரமாணங்களை வகுத்து வாதித்ததை அறிந்தோர்க்கு இப்பாடம் புதுமையாகத் தோன்றாது. இரண்டாவது, மாணாக்கன் தானே ஒரு பொருளைத் தெரிந்து ஆராய்ந்து நாலாயிரம் சொற்களுக்கு மேற்படாமல் எழுதும் நெடுங்கட்டுரை. மூன்றாவது, கலை, தேகாப்பியாசம், பிறர்க்குத் தொண்டு ஆகியவற்றில் தொடர்ந்து ஈடுபடுதல். இம்மூன்றாவதற்கு மார்க்கு இல்லை. ஆயினும் அதனை நிறைவேற்றாதவனுக்கு டிப்ளமா இல்லை.

ஒவ்வொரு பாடத்துக்கும் உயர்ந்த அளவு ஏழு, ஆறு பாடங்களுக்கு நாற்பத்திரண்டு, ஆராய்ச்சிப் பாடத்துக்கும் கட்டுரைக்கும் சேர்த்து மூன்று, ஆக நாற்பத்தைந்து. தேர்ச்சிக்குப் பிற நிபந்தனைகளோடு இருபத்துநான்கேனும் பெறல் வேண்டும். வினாத்தாள்கள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் ஆகிய பாஷைகளில் அமையும்.

தாய்மொழி விஷயத்தில் இத்திட்டம் காட்டும் மரியாதை குறிப்பிடத் தக்கது. ஒரு மாணாக்கனுடைய பாஷையைப் போதிக்க அப்பள்ளியில் உபாத்தியாயர் இல்லையெனினும், அவன் பள்ளியாரின் மேற்பார்வையில் தன் மொழியின் இலக்கியத்தைத் தானே பயின்று பரீட்சை எழுதுதற்கு வழி வகுத்துள்ளனர். ஜப்பான் அரசாங்கத்தார் 2013-ல் இந்த ஸ்தாபனத்தாரோடு உடன்பட்டு, சில பாடங்களைத் தம் ஜப்பானிய பாஷையிலேயே போதிக்கவும் எழுதவும் ஏற்பாடு செய்துகொண்டனர். கேளாதார்க்குக் கிடைப்பதில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

ஏற்பும் பணமுடையும்

1970, 71-ம் வருஷங்களில் முறையான பரீட்சைகள் தொடங்கின. ஜினீவா, நியூயார்க், வேல்ஸ் ஆகிய இடங்களிலுள்ள பள்ளிகளோடு, ஈரான் தேசத்து டெஹரான் நகரத்துப் பள்ளியும் முதன்முதற் சேர்ந்தவற்றுள் ஒன்று. எழுதியவர் தொகை சிறிது. பரீட்சை எழுதுதல் எளிது. அதனை யார் ஒப்புக்கொள்வர் என்பதே பெருங்கேள்வி. அரசாங்க முத்திரையில்லாத ஒரு தாளை நம்பிச் சர்வகலாசாலைகள் இடமளிக்குமா? ஸ்தாபனத்தார் தேசந்தேசமாகச் சென்று, தம் வினாத்தாள்களையும் விடைகளைத் திருத்தும் முறையையும் திறந்து காட்டி, சில வருஷம் சோதனையாக ஏற்குமாறு வேண்டினர். அவ்வாறு ஏற்ற சர்வகலாசாலைகளில் முதற் பிள்ளைகள் நன்கு தேறியமையே பின்வந்தோர்க்கு வாயிலைத் திறந்தது.

இதற்குள் தருமநிதிகளின் உதவி குன்றியது. 1970-களின் நடுவில் ஸ்தாபனம் நிலைக்குமா என்னும் ஐயமும் எழுந்தது. 1976-ல் ஹாலந்து தேசத்து ஹேக் நகரத்தில் பல அரசாங்கங்களின் பிரதிநிதிகள் கூடி, அதனை நிலைநிறுத்தும் வழியை யோசித்தனர். அதன் பின்னர் பள்ளிகள் வருஷந்தோறும் செலுத்தும் கட்டணமே ஸ்தாபனத்தின் முக்கிய ஜீவனமாயிற்று. ஸ்தாபனம் பிழைத்தது, ஆயினும் கட்டணம் செலுத்த வல்ல பள்ளிகளுக்கே அது பெரும்பாலும் உரியதாகும் நிலையும் அத்துடன் தொடங்கிற்று. பீட்டர்ஸன் 1977-ல் பதவியினின்று விலகினார். அவருக்குப்பின் ழெரார் ரெனோ என்னும் பிரெஞ்சுக்காரர் பொறுப்பேற்றார். பள்ளியின் நடு வகுப்புக்களுக்குரிய திட்டம் 1994-லும், ஆரம்ப வகுப்புக்களுக்குரியது 1997-லும் ஏற்பட்டன.

கொடைக்கானலும் இந்தியாவும்

இப்பரீட்சை இந்திய தேசத்தில் முதன்முதல் அடிவைத்தது நம் தமிழ் நாட்டிலேயே என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. கொடைக்கானல் மலையில் 1901-ம் வருஷம் அமெரிக்கப் பாதிரிமார் தம் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினர். பின்னர் அப்பள்ளி பல தேசத்தார்க்கும் உரியதாய், கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் எனப் பெயர் பூண்டு, 1976-ல் ஐ.பி. பரீட்சைக்கு அனுமதி பெற்றது. இந்திய சர்வகலாசாலைகளின் சங்கம் 1983-ல் ஐ.பி. டிப்ளமாவைச் சர்வகலாசாலைப் பிரவேசத்துக்குத் தகுதியென ஒப்புக்கொண்டது. 1997-ல் புனா நகருக்கு அருகில் அட்லாண்டிக் காலேஜின் மரபைச் சேர்ந்த மஹிந்திரா யுனைட்டெட் வேர்ல்டு காலேஜ் திறக்கப்பட்டது. அதனைச் சார்ந்த கலாசாலைகளில் தகுதியால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்க்குக் குடும்பத்தின் நிலை நோக்கி உபகாரச் சம்பளம் அளிக்கும் வழக்கமுண்டு.

2020-ம் வருஷத்துச் சோதனை

நம்பிக்கையை மூலதனமாகக் கொண்ட ஸ்தாபனத்துக்கு 2020-ம் வருஷம் கடும் சோதனை நேர்ந்தது. கொரோனா நோய் பரவியதால் அவ்வருஷத்து மே மாதப் பரீட்சைகள் நிறுத்தப்பட்டன. மாணாக்கர் முன்னரே எழுதியளித்த வேலை, உபாத்தியாயர் முன்கூட்டிச் சொன்ன மதிப்பீடு, அப்பள்ளியின் பழைய வரலாறு ஆகியவற்றைச் சேர்த்துக் கணித முறையால் மார்க்குக்கள் கணக்கிடப்பட்டு ஜூலை 5-ம் தேதி வெளியாயின. லட்சத்துக்கு மேற்பட்ட மாணாக்கர் அவ்வாறு பெற்றனர். எதிர்பார்த்ததைவிடக் குறைந்த மார்க்கால் சர்வகலாசாலையில் கிடைத்த இடத்தை இழக்க நேர்ந்த பலர் குமுறினர். தான் எழுதாத பரீட்சையில், தனக்கு முன் அப்பள்ளியில் படித்தவர்களின் பெறுபேறு தன் மார்க்கை எவ்வாறு பாதிக்கலாம் என வினவினர். நார்வே தேசத்து அதிகாரிகள் விளக்கம் கோரினர். ஆகஸ்டு மாதத்தில் ஸ்தாபனத்தார் மதிப்பீட்டைத் திருத்தி அமைத்தனர். ஐம்பது வருஷம் பாடுபட்டுச் சேர்த்த நம்பிக்கை சில வாரங்களில் ஆட்டங்காணும் என்பதும், பரீட்சகன் தன் தராசைத் திறந்து காட்ட வேண்டியவன் என்பதும் இதனால் விளங்கும்.

நாம் கொள்ளத் தக்கது யாது?

இனி, நம் குடும்பங்கள் இவ்விஷயத்தில் எவ்வாறு நடந்துகொள்ளுதல் தகும் என்பதை ஆராய்வோம்.

முதலாவதாக, தேசம் விட்டுத் தேசம் மாறி வாழும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு இப்பரீட்சை பேருதவியாகும். அதன் பிறவிக் காரணமே அதுவாகலின் அதில் ஐயமில்லை. அயல்நாட்டுச் சர்வகலாசாலையை நாடுவோர்க்கும் இது அனுகூலமே.

இரண்டாவதாக, நம் நாட்டிலேயே வைத்தியமோ எஞ்சினீயரிங்கோ படிக்க விரும்பும் பிள்ளையின் பெற்றோர் அவசரப்படலாகாது. வைத்தியப் படிப்புக்குப் பௌதிகம், ரசாயனம், உயிரியல் என்னும் மூன்றும் வேண்டும். ஐ.பி.யின் சாதாரண அமைப்பில் மூன்று விஞ்ஞானப் பாடங்கள் இடம்பெறுவதில்லை. அதற்குத் தனி அனுமதி பெற வேண்டும். நம் நாட்டுப் பிரவேசப் பரீட்சைகளின் பாடத்திட்டம் வேறு. மே மாதம் எழுதிய ஐ.பி. பரீட்சையின் முடிவு வெளியாவது ஜூலை மாதத் தொடக்கத்தில். இவற்றை முன்னரே விசாரித்தறியாமல், பள்ளியின் கட்டடத்தையும் விளம்பரத்தையும் கண்டு பெரும்பொருள் செலவிடுதல் விவேகமாகாது.

மூன்றாவதாக, செலவைப் பற்றி ஒளிவின்றிச் சொல்லுதல் நம் கடமை. நம் நாட்டில் இதற்குரிய பள்ளிகள் பெரும்பாலும் தனியார் பள்ளிகளே. கட்டணம் வருஷத்துக்குப் பல லட்ச ரூபாய் ஆகும். கடன்பட்டோ, நிலத்தை விற்றோ, தங்கைமார் படிப்பைச் சுருக்கியோ ஒரு பிள்ளையை இதில் சேர்க்கும் குடும்பம் தன் காலைத் தானே முறித்துக்கொள்வதாகும். அமெரிக்காவில் இப்பரீட்சைக்குரிய பள்ளிகளுள் பெரும்பாலானவை பொதுப் பணத்தால் நடப்பன. தென் அமெரிக்காவின் ஈக்வடார் தேசத்து அரசாங்கத்தார் 2006 முதல் தம் அரசாங்கப் பள்ளிகளில் இதனைப் புகுத்த முற்பட்டனர். ஆதலின் இது செல்வர்க்கே உரியதென்பது இதன் இயல்பன்று. நம் நாட்டில் அமைந்த ஏற்பாட்டின் குறையேயாம்.

நான்காவதாக, இத்திட்டத்திலுள்ள நல்லம்சங்கள் விலைக்கு வாங்கப்படுவன அல்ல என்பதை நாம் வற்புறுத்திச் சொல்ல விரும்புகின்றோம். தாய்மொழி இலக்கியத்தை ஆழ்ந்து பயிலுதல், வேறொரு பாஷையும் அறிதல், கேட்டதை நம்புமுன் எவ்வாறு அறிந்தோம் என வினவுதல், ஒரு பொருளைத் தானே ஆராய்ந்து தன் சொல்லில் எழுதுதல், கைம்மாறு கருதாத தொண்டு செய்தல் ஆகிய இவற்றுள் எதற்குப் பல லட்சம் வேண்டும்? ஊர்ப் பள்ளியிற் பிளஸ் டூ படிக்கும் பிள்ளையும், தன் ஊர் ஏரியின் வரலாற்றையோ, தன் குலத்தொழிலின் கருவிகளையோ, வட்டாரத்தில் வழங்கும் சொற்களையோ விசாரித்து ஒரு கட்டுரை எழுதலாம். நம் சங்கத்தின் உபகாரச் சம்பளத்துக்கு மனுச்செய்யும் மாணாக்கரிடம் மார்க்குப் பத்திரத்தோடு இத்தகைய கட்டுரை ஒன்றையும் கேட்டு வாங்கி, தக்கவற்றை இப்பத்திரிகையில் வெளியிடலாம் என்பது நமது யோசனை. அதனால் பிள்ளைகளின் சிந்தனை கூர்மைபெறும். நம் ஊர்களின் சரித்திரமும் அழியாது காக்கப்படும்.

இறுதியாக ஒன்று. இப்பரீட்சையைத் தோற்றுவித்தோர் மந்திரிகளும் அல்லர், கோடீசுவரர்களும் அல்லர். தம் வகுப்பிலிருந்த சில பிள்ளைகளின் தொல்லையைக் கண்டு, அதற்குப் பரிகாரம் தேடிய உபாத்தியாயர்கள். முதலில் ஒரே பாடத்தில் ஒரே வினாத்தாளைத் தயாரித்தனர். அரசாங்கங்கள் வருமென்று அவர்கள் காத்திருக்கவில்லை. செய்து காட்டினர், பின்னரே அரசாங்கங்கள் ஒப்பின. நமது சங்கம் போன்ற சிறு கூட்டத்தார்க்கு இதனினும் ஊக்கமளிக்கும் வரலாறு வேறு வேண்டுவதில்லை. அன்பர்கள் இக்கட்டுரையைத் தம் குடும்பத்து இளைஞர்களோடு சேர்ந்து படித்து, மேலே கூறிய யோசனையைக் குறித்துத் தத்தம் அபிப்பிராயத்தைச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் தெரிவிக்குமாறு வேண்டுகின்றோம்.